பூனை ஷாக்கும் பெட்ரோல் கேனும்



"பூனையத் தடவுனா சுருக்குனு ஷாக் அடிக்குதே, அதுக்கு ஏதாச்சும் சக்தி இருக்கா?" என்று எங்கள் ஊர்ப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. சக்தியும் இல்லை, சகுனமும் இல்லை. அது நிலைமின்சாரம்! காற்றில் ஈரம் குறைந்த நாளில் கையும் ரோமமும் உரசினால் மின்னூட்டம் தேங்கும். பிறகு பூனையின் மூக்கைத் தொட்டால் பொறியாகப் பாயும். அது நமக்குச் சுருக்கென்று தெரியவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் கணநேரம்தான், ஆளைக் கொல்லாது.

அதே பொறி பெட்ரோல் ஆவியில் பட்டால்? விழுப்புரம் - திண்டிவனம் நெடுஞ்சாலை பங்க்குகளில் டேங்கர் லாரிக்கு எர்த் ஒயர் மாட்டிவிட்டுப் பெட்ரோல் இறக்குவது இதற்காகத்தான். நம்மவர்களோ பைக்கில் உட்கார்ந்தபடி மடியில் பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டு பெட்ரோல் பிடிக்கிறார்கள்! தேங்கும் மின்னூட்டம் தரைக்கு இறங்க வழி ஏது? உலோகக் கேனைத் தரையில் வைத்துப் பிடிப்பதே முறை.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினால் மட்டும் போதுமா? "மாமா, கேனைக் கீழ வச்சிப் புடிங்க" என்று வீட்டில் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் படிப்பு யாருக்கு? சொல்லுவோம் நண்பர்களே! அதுவே நம் முதல் பிராக்டிகல்!