ஸ்பென்சருக்கு யார் முதலாளி?

அண்ணா சாலையில் இருக்கும் ஸ்பென்சர் பிளாசா மால் பற்றிப் பேச்செடுத்தால் சென்னையில் இரண்டு வகை ஆட்கள் கிடைப்பார்கள். "காலேஜ் கட் அடிச்சிட்டு அங்கதான் கிடப்போம்" என்று உருகுகிறவர்கள் ஒரு வகை. "இடிச்சுத் தள்ளிட்டு ஐ.டி. டவர் கட்டுங்க" என்கிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பாரும் அந்தப் பக்கம் போயே பல வருஷம் ஆகியிருக்கும்.

நான் குளிர்சாதன மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்து, வணிக வளாகங்களின் பராமரிப்பு மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன். ஒரு மால் படுக்கப் போகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும் முன்பே ஏ.சி. பிளான்ட் ரூமில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்பென்சரை என்ன செய்யலாம் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஸ்பென்சர் 1863-ல் தொடங்கிய கம்பெனி. மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், அவர்கள் கட்டிய சிவப்புக் கட்டடம் 1983-ல் தீயில் போனது. அந்த இடத்தில் எழுந்த பிளாசா 1990களின் தொடக்கத்தில் திறந்தது. பிறகு இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி என்று வளர்ந்தது. அங்கிருந்த லேண்ட்மார்க்கில் நின்றுகொண்டே புத்தகம் படித்துவிட்டு வாங்காமல் வந்தவர்கள், மியூசிக் வேர்ல்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். அந்தக் கதையை இதோடு விடலாம்.

விஷயம் இதுதான். ஸ்பென்சரின் கடைகளில் பெரும்பகுதியைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். நூறு சதுர அடி ஒருவருக்கு, இருநூறு இன்னொருவருக்கு. வாங்கியவர்களில் பலர் கடை நடத்த வாங்கவில்லை. வாடகை வரும், விலை ஏறும் என்று வாங்கினார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முதலீடு.

2010-ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸும் என இரு மால்கள் வந்தன. அங்கெல்லாம் கடை வாடகைக்கு மட்டுமே. எந்தத் தளத்தில் எந்தக் கடை, எது ஓடவில்லையோ அதை எப்போது கிளப்புவது என்பதை ஒரே நிர்வாகம் முடிவு செய்யும். ஸ்பென்சரில் ஒரு வரிசையில் பத்துக் கடை என்றால் பத்து முதலாளி. அந்த வரிசையைத் துணிக்கடைப் பகுதியாக்கலாம் என்று யார் யாருக்குச் சொல்வது? அதே ஆண்டுகளில்தான் மெட்ரோ வேலைக்காக அண்ணா சாலையின் ஒரு பகுதி ஒருவழிப் பாதையானது. போகும்போது எதிரில் தெரிகிற கடைக்குச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமென்றால், வாடிக்கையாளர் வேறு எங்காவது போய்விடுவார்.

பல முதலாளிகள் இருக்கும் வளாகம் எப்படிச் சாகும் என்பதை நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் கிட்டத்தில் பார்த்தேன். பெயர் வேண்டாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பராமரிப்புத் தொகை வர வேண்டும். காலியாகக் கிடக்கும் கடையின் முதலாளி, "வாடகையே வரலையே, நான் எதுக்குக் கட்டணும்?" என்று நிறுத்துவார். ஆனால் அவர் கடை காலி என்பதற்காக வராந்தாவில் பாதியை மட்டும் குளிர வைக்க முடியாது. மொத்தக் கட்டடத்தையும் குளிர வைக்கும் பெரிய சில்லர் இயந்திரத்தை ரொம்பக் குறைந்த சுமையில் ஓட்டினால் உறுமும், தாங்காது. ஓட்டினால் கரண்ட் பில், நிறுத்தினால் புழுக்கம். பணம் போதாமல் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போட்டோம், இரவு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தினோம். வியர்த்துப்போன வாடிக்கையாளர் அடுத்த வாரம் வரவில்லை.

பிறகு வசதியுள்ள கடைக்காரர்கள் சொந்தமாக ஸ்பிளிட் ஏ.சி. மாட்டினார்கள். வெளி யூனிட்டை வைக்க இடமில்லை. வராந்தாவின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைத்தார்கள். மாட்டியவர் கடை ஜில்லென்று இருந்தது. அவர் தள்ளிய சூடு முழுக்க எதிர்க்கடைக்காரர் தலையில் இறங்கியது. எதிர்க்கடைக்காரரும் ஒரு ஸ்பிளிட் மாட்டினார். ஒரு கோடையில் அந்த வராந்தாவில் நின்று பேசவே முடியவில்லை. கூட்டம் கூட்டினோம். வந்தவர்கள் எல்லாம் கடையில் வாடகைக்கு இருப்பவர்கள், கையெழுத்துப் போட உரிமை இல்லாதவர்கள். உரிமை உள்ளவர்கள் துபாயிலும் மும்பையிலும் இருந்தார்கள். சிலர் இறந்தே போயிருந்தார்கள், வாரிசுகளுக்குள் வழக்கு.

ஒரே முதலாளி என்றால் கதை வேறு. புரசைவாக்கத்து அபிராமி மாலைப் பாருங்கள். உரிமையாளர் முடிவெடுத்தார், 2020-ல் மூடினார், முடிந்தது. அது நல்ல முடிவா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். முடிவு என்று ஒன்று இருந்தது.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலில் நமக்கு முன்னால் மாட்டிக்கொண்ட ஊர். அங்கே பத்து வருஷத்துக்கு மேல் பழைய கட்டடம் என்றால், உரிமையில் எண்பது சதவீதம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து மொத்தமாக விற்கலாம். தாய்லாந்துக் கடைகளால் நிறைந்திருந்த கோல்டன் மைல் வளாகம் 1973-ல் கட்டியது. அரசு 2021-ல் அதைப் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவித்தது. மறு ஆண்டே உரிமையாளர்கள் அதைச் சேர்ந்து விற்றார்கள், 70 கோடி சிங்கப்பூர் டாலருக்கு. கட்டடம் தப்பியது, பணமும் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1994 சட்டம் அடுக்ககங்களில் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் இடித்துக் கட்டலாம் என்ற நிலையில் வைத்திருந்தது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்கக உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்றது. இது வீடுகளை மனதில் வைத்துப் பேசப்பட்ட சட்டம். கடை கடையாக விற்ற வணிக வளாகங்களுக்கும் இதே வழி எந்தச் சந்தேகமும் இல்லாமல் திறந்திருக்கிறது என்று அரசு தெளிவாக விதி வகுக்க வேண்டும். ஸ்பென்சருக்கு மட்டும் கேட்கவில்லை. இப்படி விற்ற வளாகங்கள் மாவட்டத் தலைநகரங்களிலும் இருக்கின்றன. மாடிப்படி முழுக்கப் புறா எச்சமும், மேல் மாடியில் ஒரே ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுமாக உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும்.

சரி, முடிவெடுக்கும் ஆள் வந்துவிட்டார் என்றே வைப்போம். ஸ்பென்சரைப் பெண்கள் விடுதியாக்கலாம் என்று நல்ல மனசோடு சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் போல நகர நடுவில் இடம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மால் கட்டடத்தின் வயிற்றில் ஜன்னல் கிடையாது. நடுவில் இருக்கும் அறைக்கு வெளிச்சமும் காற்றும் கொண்டுவர ஸ்லாபை வெட்டித் திறக்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் விடுதி யோசனை ஓடிவிடும். ஜன்னல் தேவைப்படாத காரியங்களை யோசிக்கலாம்: ஸ்கேன் மையம், ஆன்லைன் தேர்வு மையம், அரசு சேவை கவுண்ட்டர்கள், ஆவணக் காப்பகம். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் 2019 முதல் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வந்து மாலையில் போகிற கூட்டத்துக்கு இதைவிட வசதியான இடம் அண்ணா சாலையில் கிடைக்காது.

கீழ்த்தளத்தைத் தொடாமல் விடுவது நல்லது. போன் ரிப்பேர், தோல் பை, காஷ்மீர் சால்வை, அரை மணியில் பேன்ட்டைச் சுருக்கித் தருகிற தையற்காரர் என்று அங்கே வியாபாரம் இன்னும் நடக்கிறது. பெரிய மாலின் வாடகைக்கு இவர்களில் ஒருவராலும் ஈடுகொடுக்க முடியாது.

முதல் வேலை ஒரு பட்டியல். மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவேட்டையும் பத்திரப் பதிவுத் துறையின் ஆவணங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கடைக்கும் இன்றைய உரிமையாளர் யார், வாரிசு யார், பராமரிப்புப் பாக்கி எவ்வளவு என்று எழுத வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்கலாம். முடித்ததும் வாக்கெடுப்பு. அந்தப் பட்டியலில் இன்னொரு கட்டமும் போட வேண்டும்: இப்போது ஷட்டரைத் திறந்து உட்கார்ந்திருப்பவர் யார், எத்தனை வருஷமாக. விற்றால் கிடைக்கும் தொகையில் அவருக்கும் ஒரு பங்கு என்று முதலிலேயே எழுதாவிட்டால், கடைசியில் நீதிமன்றத்துக்குப் போகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.