பாம்பு விஷமும் புரதம்தான். அதை முறிப்பதும் புரதம்தான்

கேள்வி: பயறு, பால், முட்டையில் உள்ளது புரதம். பாம்பின் விஷமும் புரதம் என்கிறார்களே, எப்படி? கடிவாயில் சூடு வைத்தால் விஷம் முறியுமா?
– வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. மணிகள் 20 வகை. அவை கோத்திருக்கும் வரிசைப்படி மாலை மடிந்து ஓர் உருவம் பெறும். உருவம் மாறினால் வேலையும் மாறும். ஒன்று உணவாகும், ஒன்று விஷமாகும்.

நல்ல பாம்பின் நரம்பு விஷம் சுமார் 60 முதல் 70 மணிகளே கொண்ட சிறு புரதம். மூன்று விரல் நீட்டியதுபோல் மடிந்திருக்கும். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நின்றுவிடும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்திலுள்ள நொதிப் புரதங்கள் ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

முட்டை வெந்தால் வெள்ளைக்கரு இறுகும்; சூட்டில் புரதம் உருக்குலைவதே காரணம். அதை நம்பிக் கடிவாயில் சூடு வைத்தால் வேவது நம் சதைதான். விஷம் அதற்குள் உள்ளே பரவியிருக்கும்.

விஷப் புரதத்தைப் பிடிக்க இன்னொரு புரதம் வேண்டும். அதற்கான வேலை நம் மாவட்டத்திலேயே நடக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து, உலர்த்தி, மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். பாம்புகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்ததே விஷமுறிவு ஊசி. பூட்டுக்கேற்ற சாவிபோல் அது விஷத்தில் பொருந்தி அதை முடக்கும். இம்மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பாம்பு பிடிக்கும் திறமைக்காக 2023-ல் பத்மஸ்ரீ பெற்றனர்.

ஊசி மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைத்தான் பிடிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைச் சிதைத்துவிட்டால் அதை மீட்காது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். குழந்தைக்கும் பெரியவர் அளவு மருந்தே தருவார்கள். பாம்பு ஆள் பார்த்து விஷம் விடுவதில்லை.

செய்ய வேண்டியவை: கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கை, காலை அசையாமல் வையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச் லைட்டும் முழங்கால் வரை பூட்ஸும் கட்டாயம்.