கல் பாவினால் கடைத்தெரு பிழைக்குமா?

பெங்களூரின் பழைய வணிக மையங்கள் நலிகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆட்சியாளரிடம் ஆயத்தமாக இருக்கும் விடை ஒன்றே: தெருவைப் பெயர்த்துப் புதிதாகக் கல் பாவுவது. சர்ச் ஸ்ட்ரீட் 2018 மார்ச்சில் அவ்வாறு திறக்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் சில மாதங்கள் வார இறுதிகளில் வாகனங்களும் தடுக்கப்பட்டன. அடுத்து, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் முறை வந்தது. 2021-இல் பணி முடிந்த சில வாரங்களிலேயே கற்களின் தரம் குறித்துப் புகார் எழுந்தது.

நடப்பவருக்கு நல்ல தெரு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பணி தொடங்குமுன் அத்தெருக்களை நம்பிப் பிழைத்த சிறு வியாபாரிகள் எத்தனை பேர், முடிந்தபின் எஞ்சியவர் எத்தனை பேர் என்ற கேள்வி இல்லாமல் எதை வெற்றி என்பது?

இத்தகைய திட்டங்களின் மூலமாதிரி 1970-இல் டொரன்டோவின் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜில் உருவானது. பேரங்காடிகள் வாடிக்கையாளரை ஈர்த்துக்கொண்டபோது, அங்குள்ள வணிகர்கள் தமக்குத் தாமே வரி விதித்து, அதன் செலவையும் தாமே தீர்மானித்தனர். நாம் அலங்காரத்தை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை விட்டுவிட்டோம். அதை முழுமையாகக் கொணர்ந்தாலும், வரி செலுத்தும் உரிமையாளரும் கடைக்காரருமே பேசுவர்; தள்ளுவண்டிக்காரர் வெளியில்தான் நிற்பார்.

அவருக்கும் இடமளிக்கும் சட்டம் நம்மிடமே உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவோர வணிகம் நடக்கும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளோரை இடம்பெயர்க்கக் கூடாது.

1933-இல் திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த சிவாஜிநகர்த் தெருக்களைவிட இதற்குப் பொருத்தமான இடம் எது? 2012-இல் தீ விபத்தில் ஏராளமான கடைகள் எரிந்த பின்னும் அங்கே வணிகம் நிற்கவில்லை. தமிழும் தக்கிணி உருதும் கன்னடமும் கலந்து பேரம் பேசும் அச்சந்தைக்கு உயிர் இருக்கிறது. இல்லாதது உரிமைப் பாதுகாப்பு.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோருமுன் கணக்கெடுப்பு நடத்துக. விற்பனைக் குழுவின் இசைவின்றி ஒரு கல்லையும் பெயர்க்காதீர். நகரியல் பயிலும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திட்ட வரைபடங்களோடு நின்றுவிடாமல், விடியற்காலையில் குறிப்பேட்டுடன் சிவாஜிநகர் செல்லுங்கள். யார் எங்கே எதை விற்கிறார், எத்தனை ஆண்டுகளாக விற்கிறார் என்று எழுதிவையுங்கள். நாளை அவர் அகற்றப்பட்டால், அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அக்குறிப்பே சான்றாகும்.