படகில் நாயோடு வாழ ஆசையா? கயிற்றை அவிழ்க்கும் முன் இதைப் படிங்க

நீங்களும் அந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க.

ஒரு வெளிநாட்டுத் தம்பதி. ஒரு பாய்மரப் படகு. வேலையை விட்டுட்டாங்க, வீட்டை வித்துட்டாங்க, இப்போ படகுதான் வீடு. கரையோரமாகவே மாசக்கணக்கில் போய்க்கிட்டே இருக்காங்க. மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு நாய். உள்ளே மெத்தையில் ஒரு பூனை.

கீழே கமெண்டில் நம்ம ஆளுங்க: "வாழ்ந்தா இப்படி வாழணும்".

எனக்கும் அப்படித்தான் தோணும். கடலே இல்லாத திருப்பூரில், ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரும் ஓ.பி.யில் உட்கார்ந்துக்கிட்டு அதைப் பார்த்தால் யாருக்குத்தான் தோணாது?

ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு குழந்தையைப் பார்த்த பிறகு, அந்த வீடியோவில் என் கண் முதலில் நாயின் மேல்தான் போகுது.

ஒரு புதன்கிழமை காலை. நாய்க்கடி ஊசி வரிசையில் ஒரு அப்பா, கையில் ஆறு வயசுப் பெண் குழந்தை. அவர் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். குழந்தையின் முன்கையில் இரண்டு பல் பட்ட இடம். மேலே காய்ந்துபோன மஞ்சள்.

"எப்பக் கடிச்சது?"

"சனிக்கிழமை சாயந்திரமுங்க சார்."

"நாலு நாள் ஆச்சே. ஏன் வரலை?"

"ஆலப்புழா போட்டுல இருந்தோமுங்க சார். ரெண்டு நாள் போட்டு, அப்புறம் பீச்சுல ரூம். நம்ம வீட்டு நாய்தானுங்க, லேசாத்தான் பட்டுச்சு. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு..."

நாய்க்குக் குட்டியாக இருந்தபோது ஒரு ஊசி போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் இரண்டு வருஷமாக எதுவும் இல்லை. புது இடம், படகோட ஆட்டம், என்ஜின் சத்தம் எல்லாம் சேர்ந்து அது மிரண்டு போயிருந்த நேரத்தில் குழந்தை அதைத் தூக்கப் போயிருக்கு. கடிச்சிருச்சு. ரத்தம் வந்திருக்கு.

ரத்தம் வந்த கடி என்றால் மூன்றாம் வகைக் காயம். தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடணும். தயார் நிலையில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் அது. தடுப்பூசி போட்ட பின் உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தி தயாரிக்கச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் நரம்புக்குள் போகாமல் காயத்திலேயே மறிப்பதுதான் அதோட வேலை.

இரண்டையும் போட்டோம். குழந்தை அழுதது. அப்பாவும் அழுதார். நாய் பத்து நாளைக்கு அப்புறமும் நல்லாவே இருந்தது. பாப்பாவும் நல்லா இருக்கு.

ஆனால் அந்த நாலு நாள் இருக்கே, அது அதிர்ஷ்டத்தில் கழிந்த நாலு நாள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் எந்த மருத்துவமனையிலும் வைத்தியம் கிடையாது. மரணம் அநேகமாக நிச்சயம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள்.

கடைசி ஊசிக்கு வந்தப்ப அவர் சொன்னார்: "பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டு, கோவாவுல இருந்து கொச்சி வரைக்கும் நாயோட ஒரு மாசம் போகோணும்னு ஆசைங்க சார். இனி அந்த நினைப்பே வேண்டாம்னு இருக்கேன்."

நான் சொன்னது: "போங்க. ஆனா போற மாதிரி போங்க."

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், தூரம்.

திருப்பூரில் நாய் கடித்தால் ஆட்டோவில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஊசி. படகில்?

2018 செப்டம்பரில் நம்ம கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இருந்தார். தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் படகின் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடி. எழுந்திருக்க முடியவில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் விமானங்களை அனுப்பின. பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் அவரைப் போய்ச் சேர்ந்து மீட்டபோது மூன்று நாள் ஆகியிருந்தது.

அது நடுக்கடல். கோவா – கொச்சி கரையோரம் அவ்வளவு மோசமில்லை. கார்வார், மங்களூரு, கோழிக்கோடு என்று வழியெல்லாம் ஊர் இருக்கு. ஆனாலும் கரை கண்ணுக்குத் தெரிவது வேற, கரையில் இறங்குவது வேற. காற்று எதிராக இருந்தால் நினைத்த நேரத்தில் துறைக்குள் நுழைய முடியாது.

கையோடு ஊசி மருந்தை எடுத்துப் போகலாமே என்று கேட்கலாம். அந்தத் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கணும். ஐஸ் பெட்டியில் போட்டு ஒரு மாசம் வெயிலில் சுற்றினால் அது மருந்தாக இருக்கும் என்று நம்ப முடியாது.

அப்போ வழி?

கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கு. 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று தவணை. கையில்தான் போடுவோம். தொப்புளைச் சுத்திப் போட்ட காலம் எப்பவோ போயிருச்சு.

இதை முடித்தவரை நாய் கடித்தால் இரண்டே இரண்டு தவணை, 0 மற்றும் 3ஆம் நாள். இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. பெரிய மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தடுப்பூசி இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியே போதும். இரண்டு தவணையும் கட்டாயம் போடணும், அதில் மாற்றமில்லை. ஆனால் உடம்பு ஏற்கெனவே வைரஸை அடையாளம் கண்டு வைத்திருக்கும். கரை வந்து சேரும் நேரம் வரை தாங்க அது ஒரு கவசம்.

விலங்கோடு படகில் மாசக்கணக்கில் வாழப் போகிறவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரியாதது. உங்க நாய் இறங்கும் கரை.

ரேபிஸுக்கு நீந்தத் தெரியாது. அது ஒரு தீவுக்குப் போகணும்னா யாராவது கூட்டிப் போகணும்.

இந்தியா முழுக்க ரேபிஸ் இருக்கு. அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் மட்டும் விதிவிலக்கு. காரணம் கடல். லட்சத்தீவுக்கு நாயைக் கொண்டுபோகவே தடை. "என்ன அநியாயம், என் செல்லத்துக்கு இடமில்லையா?" என்று கோபப்படும் முன் ஒரு கதை கேளுங்க.

இந்தோனேசியாவில் ஃப்ளோரெஸ் என்று ஒரு தீவு. 1997 வரை அங்கே ரேபிஸ் கிடையாது. அந்த வருஷம் ரேபிஸ் இருந்த சுலாவெசி பகுதியிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் மூன்று நாய்கள் வந்து இறங்கின. மூன்றே மூன்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் ரேபிஸால் செத்தார்கள். பயந்துபோன நிர்வாகம் லட்சக்கணக்கில் நாய்களைக் கொன்றது. அப்படியும் நோய் போகவில்லை.

அடுத்தது பாலி. நம்ம ஊரிலிருந்து ஹனிமூன் போறாங்களே, அதே பாலி. 2008இல் அங்கேயும் ரேபிஸ் புகுந்தது. வேறு தீவிலிருந்து மீனவர்களோடு படகில் வந்த நாய் மூலம்தான் வந்திருக்கணும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அங்கேயும் நூற்றுக்கு மேல் சாவு.

பிரிட்டன் 1902இல் ரேபிஸை ஒழித்தது. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் ஊர் திரும்பிய சிப்பாய்கள் சிலர் பாசத்தில் நாய்களை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். 1918இல் நோய் திரும்ப வந்தது. மறுபடி ஒழிக்க 1922 ஆயிற்று. அதன் பிறகு பல பத்தாண்டுகள், வெளியிலிருந்து வரும் நாய் எதுவானாலும் ஆறு மாதம் தனிமைக் கூண்டு.

அந்தச் சிப்பாய்களின் பாசம் பொய் இல்லை. ஆனால் பாசம் வைரஸைத் தடுக்காது.

அதனால்தான் படகில் வாழும் வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டாத ஒரு ஃபைல் வைத்திருப்பார்கள். நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப். தடுப்பூசிச் சான்று. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருப்பதாக ஆய்வக முடிவு. இது எதுவும் இல்லாமல் ஹவாய்க்குப் போனால் 120 நாள் தனிமை. ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் மனிதர்கள் இறங்கலாம், படகில் உள்ள விலங்கு அனுமதி இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. படகிலேயே அடைத்து வைக்கணும்.

இதே ஆஸ்திரேலியாவை 1801 முதல் 1803 வரை கப்பலில் முழுசாகச் சுற்றி வந்த மேத்யூ ஃப்ளிண்டர்ஸ், டிரிம் என்ற பூனையைக் கூடவே வைத்திருந்தார். அந்தப் பூனைக்கு இன்று சிட்னியில் சிலை இருக்கு. ஆனால் டிரிம் இன்று உயிரோடு படகில் வந்தால், பேப்பர் சரியில்லை என்றால், அந்தச் சிலையைப் பார்க்கக்கூட இறக்கிவிட மாட்டார்கள்.

அது சரியான சட்டம் என்பதுதான் என் கருத்து. வைரஸ் இல்லாத ஊருக்கு அதைக் கொண்டுபோகும் உரிமை யாருக்கும் இல்லை.

சரி, கிளம்பறவங்களுக்குச் சுருக்கமாக:

1. நாய், பூனை இரண்டுக்கும் ரேபிஸ் தடுப்பூசி. நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில் தொடங்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக வருஷா வருஷம். குட்டியில் போட்டது ஆயுசுக்கும் வராது. புறப்படுவதற்கு முந்தின நாள் ஓடாதீங்க, ஒரு மாசம் முன்பே போடுங்க.

2. மனிதர்களுக்கு, நான் மேலே சொன்ன மூன்று தவணை முன்தடுப்பு. டி.டி. ஊசியும் பாக்கி இருக்கான்னு பாருங்க. படகில் துருப்பிடித்த இரும்புக்குப் பஞ்சமே இல்லை.

3. கடித்தாலோ, நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. படகில் நல்ல தண்ணீரை அளந்துதான் செலவு பண்ணுவாங்க, தெரியும். சிக்கனம் பார்க்கும் நேரம் அது இல்லை. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.

4. உடனே பக்கத்துத் துறைக்குப் படகைத் திருப்புங்க. வழியில் உள்ள ஊர்களின் அரசு மருத்துவமனைப் பெயர்களைப் புறப்படும் முன்பே காகிதத்தில் எழுதி வையுங்க. நடுவில் சிக்னல் இருக்காது. முன்தடுப்பு போடாதவர்களுக்கு 0, 3, 7, 28 என்று நான்கு நாள் ஊசி. ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேர்த்து.

5. கடித்த நாயைப் பத்து நாள் கவனிங்க. ஆனால் பத்து நாள் பார்த்துட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதீங்க. ஊசியைத் தொடங்கிட்டுத்தான் கவனிக்கணும்.

6. இறங்கும் கரையில் தெருநாய்களோடு உங்க நாயை விளையாட விடாதீங்க. ஆபத்து பெரும்பாலும் கடலில் இல்லை, மணலில்தான்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாய்க்கு வெயில் தாங்குமா, கடல் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவங்களைக் கேளுங்க. நான் பார்ப்பது கடிபட்டு வருகிறவர்களை மட்டும்தான்.

"கடலே இல்லாத ஊரில் இதை ஏன் சார் எழுதறீங்க?" என்று கேட்பீங்க.

தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டதும் நாயைக் காரில் போட்டுக்கிட்டு மதுரைக்கும் தேனிக்கும் கிளம்பறோம். ஊட்டிக்குக் கூட்டிப் போறோம். ஆலப்புழா போட்டில் ஏத்தறோம். அந்த நாய்க்கு ஊசி போட்ட சீட்டு எத்தனை பேரிடம் இருக்கு? பையில் நாய் பிஸ்கட் இருக்கும், பெல்ட் இருக்கும், குட்டிச் சட்டை கூட இருக்கும். பனியன் ஊர் ஆச்சே, சட்டைக்கா பஞ்சம்? சீட்டு இருக்காது.

படகோ, காரோ, லைன் வீட்டு வாசலோ, கணக்கு ஒண்ணுதான். நீங்க வளர்க்கும் உயிர் உங்க குழந்தையோடும் அடுத்தவர் குழந்தையோடும் சேர்ந்துதான் வாழுது. பயணம் அந்த அடுத்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும், ஆஸ்பத்திரியை தூரமாக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மெர்ச்சண்டைசர் போன வாரம் வந்தார். இந்த முறை யாருக்கும் காயமில்லை. முன்தடுப்பு பற்றி மனைவிக்கும் விளக்கிச் சொல்லச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். பாப்பா ஒரு நோட்டைக் காட்டியது. அட்டையில் நாயின் பேர். உள்ளே ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி. அதுவே எழுதியிருக்கு.

"எப்போ கண்ணு போட்டுல போறீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஊசி போட்டாச்சு. இன்னும் எனக்குப் பாக்கி இருக்கில்ல, அதுக்கப்புறம்தான்" என்றது.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க நாயோட சீட்டைத் தேடிப் பாருங்க. கிடைக்கலைன்னா, நாளைக்குக் காலை முதல் வேலை அதுதான்.

— அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.,
திருப்பூர்