வீட்டுத் தோட்டம்: நிலச்சம்பங்கியின் புது ரகங்கள்

பெங்களூருக்குப் புதிதாகக் குடிவரும் நம் சகோதரிகள் பூக்கடையில் முதலில் தடுமாறுவது பெயரில்தான். 'சம்பங்கி' என்று கேட்டால், கடைக்காரர் 'சம்பிகே' என்றெண்ணிச் செண்பகத்தை எடுத்து நீட்டுவார். நாம் விரும்பும் நிலச்சம்பங்கிக்குக் கன்னடத்தில் 'சுகந்தராஜ' என்று பெயர். மெக்சிகோவிலிருந்து வந்த பூவுக்கு எந்தப் பெயர் இட்டால்தான் என்ன!

இப்பூவில் வந்துள்ள புது ரகங்களுள் எதை நடலாம் என்பதை இத்திங்கள் ஆராய்வோம். ஒருமுறை நட்டால் இரண்டு மூன்றாண்டுகள் நிலத்தில் நிற்கும் பயிராதலின், தேர்வு பிழைத்தால் அத்தனை காலமும் அதன் பலனை நாமே சுமக்க வேண்டும். கொல்லையில் நாலு கிழங்கு ஊன்றுவோர்க்கு இது பெரிதன்று. ஓசூர்ப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூ விற்றுப் பிழைக்கும் அன்பர்க்கோ இதுவே வாழ்வு.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார், ஒற்றையடுக்கையும் பல அடுக்கையும் இணைத்து 'சிருங்கார்', 'சுவாசினி' எனும் இரு ரகங்களை உண்டாக்கினர். முன்னது ஒற்றையடுக்கு, மாலைக்கு ஏற்றது. பின்னது பல அடுக்கு. தண்டோடு கொய்து பூச்சாடியில் வைப்பதற்குரியது. பிறகு சிருங்காரை 'மெக்சிகன் சிங்கிள்' ரகத்தோடு இணைத்துப் 'பிரஜ்வல்' என்பதைப் பெற்றனர். மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் தோன்றும். மலர்ந்தால் தூய வெண்மை. பூ பருமனானது. உதிரிப்பூ விளைச்சல் சிருங்காரைவிட 20 விழுக்காடு மிகுதி என்பது நிலையத்தார் கண்ட கணக்கு. எடை போட்டு விற்போர்க்கு இது நற்செய்தியே.

ஆயினும் சிருங்காரை ஒதுக்கிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. வேர்முடிச்சு நூற்புழுவை அது ஓரளவு தாங்கி நிற்கும். அப்புழு கிழங்கோடும் மண்ணோடும் ஊர்விட்டு ஊர் செல்வது. வேரில் முண்டு முண்டாகத் தென்பட்டால், எவர் அன்போடு கொடுத்த கிழங்காயினும் நம் தோட்டத்தில் ஊன்றலாகாது.

இனி, சோதிக்கும் முறை. பழைய ரகத்தையும் புதியதையும் ஒரே பாத்தியில், ஒரே நாளில், ஒத்த பருமனுள்ள கிழங்குகளாகத் தேர்ந்து நடுக. ஒவ்வொன்றும் எத்தனை பூந்தண்டு விடுகிறது, தண்டுக்கு எத்தனை பூ, மழையில் தண்டு சாய்கிறதா என்று குறித்து வருக. மாலையில் ஒரு முழம் தொடுத்து வைத்து, மறுநாட் காலையில் மணமும் நிறமும் எப்படியிருக்கின்றன என்று பார்ப்பதும் வேண்டும். அதில் நம் இல்லத்தரசியரை மிஞ்சிய நிபுணர் இல்லை. முதலாண்டு கண்டதோடு நில்லாமல், மறுதாம்பிலும் இக்கணக்கைத் தொடர்க.

முற்றத்து ஓரத்தை அழகு செய்ய மட்டும் விரும்புவோர், லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் காமாக் கதிர் பாய்ச்சிப் பெற்ற 'ரஜத ரேகா', 'சுவர்ண ரேகா' ரகங்களைத் தேடலாம். பூவில்லா நாளிலும் இலையில் வெள்ளிக் கோடும் பொற்கோடும் இருக்கும்.

நட்டவுடன் ரகத்தின் பெயரைத் தகட்டில் எழுதிப் பாத்தியில் ஊன்றிவிடுக. கிழங்கைப் பார்த்து ரகத்தைச் சொல்லுவது எளிதன்று.