நாஸா, சானா, க்ளவுடா? அதெல்லாம் ரெண்டாவது கேள்வி!

பொட்டி தட்டுறவன்னு தெரிஞ்சா, ஊர்ப்பக்கம் வர்ற கேள்வியே இப்ப மாறிப்போச்சு மக்களே. தேவதானப்பட்டி மாதிரி ஊர்ல பத்துப் பேர் வேலை பாக்குற ஆபீஸ்ல கூட, "தம்பி, ஃபைலை எல்லாம் ஒரே எடத்துல வைக்கணும். நாஸ் வாங்கவா, சான் வாங்கவா, க்ளவுடுக்குப் போயிரவா?"ன்னு கேக்குறாங்க.

சான்ங்கிறது ஃபைலைக் குடுக்காது, டிஸ்க்கையே துண்டு துண்டா சர்வருக்குக் குடுக்கும். பெரிய டேட்டாபேஸ், ஏகப்பட்ட சர்வர் இருக்குற எடத்துக்குச் சரி. அதைப் பாத்துக்க தெரிஞ்ச ஆளும் வேணும். பத்துப் பேருக்கு அது, நாலு மாங்கா வாங்க லாரி எடுத்துட்டுப் போற கதை.

க்ளவுட்? 20 எம்பிபிஎஸ் அப்லோடு இருந்தா, 2 டிபி ஏத்த ஒன்பது நாளுக்கு மேல ஆகும். லைன் போச்சுன்னா அன்னிக்கு வேலையும் போச்சு.

அதனால என் ஓட்டு நாஸுக்குத்தான். நெட்வொர்க்ல மாட்டுற ஒரு பொட்டி, உள்ள ரெண்டு டிஸ்க். எல்லாருக்கும் ஒரே ஃபோல்டராத் தெரியும்.

ஆனா இங்கதான் பலரும் ஏமாந்து போறாங்க. "ரெய்டு இருக்கு சார், பயமே இல்ல"ன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. ரெய்டு, டிஸ்க் செத்தா காப்பாத்தும். யாராவது ஃபைலை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் சேர்ந்தே அழியும். தீப்பிடிச்சா பொட்டியே போயிரும்.

தென்கொரியாவைப் பாருங்க. அந்த அரசாங்கம் தன் ஊழியர்களுக்குன்னு ஜி-டிரைவ் (கூகுளோடது இல்ல) வச்சிருந்துச்சு. 2025 செப்டம்பர் 26, டேஜான் டேட்டா சென்டர்ல பேட்டரி தீப்பிடிச்சு, அதுல இருந்த 858 டிபியும் காலி. வெளிய ஒரு காப்பி இல்ல. 'அளவு ரொம்பப் பெருசு'ங்கிறதுதான் சொன்ன காரணம். காசு, ஆளு, டெக்னாலஜி எல்லாம் இருந்த தேசத்துக்கே இந்தக் கதி!

சரி, காப்பி எடுத்தா போதுமா? 2017 ஜனவரி 31 கிட்லாப்ல ஒருத்தர் தெரியாம டேட்டாபேஸை அழிச்சிட்டார். அஞ்சு வகை பேக்கப் ஏற்பாடு வச்சிருந்தும் எதுவும் ஒழுங்கா வேலை செய்யல. ஆறு மணி நேரத்துக்கு முந்தி எடுத்த ஒரு காப்பிதான் தற்செயலாக் கைகுடுத்துச்சு.

கதவைத் தொறக்காம வெளிய நின்னு கும்பிடுறது நம்ம மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில்ல சரி. பேக்கப்புக்கு அது ஆகாது சாமி! மாசம் ஒரு தடவையாவது தொறந்து, நாலு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பாக்கணும்.

ஆக, பட்ஜெட் கம்மியா? ஒரு பெரிய நாஸ் வாங்காதீங்க. சின்னதா ஒண்ணு வாங்கிட்டு, மிச்சக் காசுல ரெண்டு வெளி டிஸ்க் வாங்குங்க. வாரம் ஒண்ணா மாத்தி மாத்திக் காப்பி எடுங்க. ஒண்ணு எப்பவும் பெரியகுளத்துலயோ தேனியிலயோ பூட்டி இருக்கட்டும். இந்தக் கட்டடமே நாளைக்கு இல்லைன்னா, இன்னொரு காப்பி எங்க இருக்கு? இதுக்குப் பதில் வச்சுக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

டிஸ்கி: எந்தக் கம்பெனி பொட்டி நல்லதுன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாம் ஒருநாள் சாகும் :)