ஒன்றரை மீற்றர் மண்

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பிளாசாக்களில் கடை வைத்திருக்கும் எங்கடை ஆட்களோடு பேச்சுக் கொடுத்தால், வாடகை, வரி, ஆள் தட்டுப்பாடு எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் நகரசபையில் வந்து நிற்பார்கள். அங்கே அதிகம் திட்டு வாங்குவது ஒரு சின்ன விதி. கடைக் காணிக்கும் பின்வீட்டுக் காணிக்கும் நடுவே வேலியும் செடியும் வேண்டும் என்ற விதி. "அது வெறும் சோடினை, சின்ன யாவாரியின் கழுத்தில் போட்ட கல்லு" என்பது பொதுப் பேச்சு. கடைக்குப் போய்வரும் குடியிருப்பாளரும் இப்போது தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

விதி கேட்பது என்ன? ரொறன்ரோவின் 569-2013 ஆம் இலக்க வலயச் சட்டப்படி, வணிகமும் குடியிருப்பும் கலந்த வலயத்துக் காணி ஒன்று குடியிருப்பு வலயக் காணியைத் தொட்டால், தொடும் எல்லை நெடுக ஒரு வேலி வேண்டும். அதையொட்டி 1.5 மீற்றர் அகலத்துக்குத் தாரும் கொங்கிறீற்றும் போடாமல், செடிகொடி வளர மண்ணை விடவேண்டும். இவ்வளவுதான்.

எதிர்ப்பவர்களின் வலுவான வாதத்தையே முதலில் எடுக்கிறேன். "ஒரு வரிசைச் சீடர் மரம் ட்ரக் சத்தத்தை மறைக்குமோ?" மறைக்காது. செடிகளால் சத்தம் காதுக்குத் தெரியும் அளவு குறையவேண்டுமானால், பல பத்து மீற்றர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி இல்லாத பாரமான சுவர் வேண்டும். ஒன்ராறியோவில் ஒலித்தடுப்புச் சுவருக்குச் சதுர மீற்றருக்கு 20 கிலோ என்பது வழக்கமான அளவு. தொழிற்சாலைகளுக்கு வந்தால் மாகாணம் மரத்தை நம்புவதே இல்லை, தூரத்தைத்தான் நம்புகிறது. 1995இன் டி-6 வழிகாட்டியில் மென்தொழிலுக்கும் வீட்டுக்கும் இடையே குறைந்தது 20 மீற்றர், நடுத்தரத் தொழிலுக்கு 70, கனரகத் தொழிலுக்கு 300.

ஆனால் ஒன்றரை மீற்றர் விதியைச் சத்தத்துக்கென்று யாரும் எழுதவில்லை. சத்தத்துக்கு நகரசபைச் சட்டக்கோவையின் 591 ஆம் அத்தியாயம் தனியாக இருக்கிறது. வேலியும் செடியும் வேறு வேலை செய்பவை. இரவு பத்து மணிக்குப் பின்வரிசையில் நிறுத்தும் காரின் வெளிச்சம் படுக்கையறைச் சுவரில் விழாமல் மறிப்பது, காற்றில் பறக்கும் மட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக் பையையும் பிடித்து நிறுத்துவது, முற்றத்தில் உடுப்புக் காயப்போடுகிறவர் கடைப் பின்கதவில் புகைபிடித்து நிற்பவரின் கண்ணில் படாமல் இருப்பது. சத்தத்தைத் தடுக்கவில்லை என்று இந்த விதியைக் குறை சொல்வது, குடை குளிருக்கு உதவவில்லை என்பதைப் போன்றது.

தண்ணீரையும் இதோடு சேர்க்கவேண்டும். ரெக்ஸ்டேலுக்குத் தென்மேற்கே இருக்கும் பியர்சன் விமான நிலையத்தில் 2013 ஜூலை 8ஆம் திகதி பெய்த மழை 126 மில்லிமீற்றர். 2024 ஜூலை 16இல் 98க்குக் கிட்ட. அந்த மழையை ஒன்றரை மீற்றர் மண் குடித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி மழை அடிக்கடி பெய்வதும் இல்லை. சாதாரண மழையும் மார்ச் மாதத்தில் உருகும் பனியும்தான் வருடா வருடம் வருகிறவை. தார்த்தளம் பின்வேலிப் பக்கம் சரிந்திருந்தால், அந்தத் தண்ணீருக்கு முதல் தடை இந்த மண்தான். அது இல்லாத இடத்தில் அடுத்த தடை யாரோ ஒருவருடைய பேஸ்மென்ற் சுவர். அந்தப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பதும் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான்.

அடுத்தது பார்க்கிங். "மூன்று கார் நிற்கிற இடம் போகுது" என்கிறார்கள். 30 மீற்றர் நீள எல்லையில் இந்தப் பட்டை 45 சதுர மீற்றர். வலயச் சட்டத்தில் ஒரு கார் நிறுத்தும் இடம் 2.6க்கு 5.6 மீற்றர், அதாவது பதினான்கரை சதுர மீற்றர். பரப்பளவை மட்டும் வகுத்தால் மூன்று கார் சரிதான். ஆனால் ஒன்றரை மீற்றர் அகலத்தில் எந்தக் காரும் நிற்காது. இரு பக்கமும் கார், நடுவே 6 மீற்றர் வழி என்று போட்டால் 17.2 மீற்றர் தேவை. காணியின் அகலம் 19 மீற்றர் என்றால் பட்டை போட்டும் ஓர் இடமும் குறையாது. சரியாக 17.2தான் இருக்கிறது என்றால் ஒரு வரிசையே போய்விடும், அது உண்மையான இழப்பு. அப்படிப்பட்ட காணிக்காகத்தான் திட்டமிடல் சட்டத்தின் 45 ஆம் பிரிவில் சிறு விலக்குக் கேட்கும் வழி இருக்கிறது. விதியையே எடுத்தெறியக் காரணம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த விதி புதிதாகக் கட்டுபவரையும் பெரிதாக்குபவரையும்தான் பிடிக்கும். சட்டப்படி ஏற்கெனவே இருந்த கட்டடங்களைத் தொடாது. ரெக்ஸ்டேலின் பழைய பிளாசாக்களில் கடை நடத்துபவர் இதற்காக ஒரு சதமும் கட்டியிருக்க மாட்டார். பிறகு ஏன் அவருக்குக் கோபம்? கட்டட உரிமையாளரின் குறையை வாடகைக்காரரின் வாயால் கேட்கிறோம் என்பது என் எண்ணம். புதிய பிளாசாவில் செடி பராமரிக்கும் செலவு, வாடகைக்கு மேலே வரி, பராமரிப்பு, காப்புறுதிக்கென்று வரும் டி.எம்.ஐ. பில்லில் வந்து சேரும் என்பது சரி. சொத்து வரிக்கும் பனி அள்ளும் கூலிக்கும் பக்கத்தில் அது எவ்வளவு என்று உரிமையாளரிடம் கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

"பிளாசா இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினார்கள்?" இந்தக் கேள்விக்கு ரெக்ஸ்டேலின் வரலாறே பதில். 1950களில் ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற கட்டுமானக்காரர் அன்றைய எற்றோபிக்கோவில் எழுப்பிய குடியிருப்பு இது. பெயரும் அவருடையதுதான். அன்று பக்கத்துக் கடை என்றால் பொழுதோடு பூட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. ஒன்ராறியோவில் ஞாயிறு வியாபாரம் பரவலாக அனுமதிக்கப்பட்டதே 1992இல்தான். வீடு வாங்கியவர் கண்டது ஒரு கடை. இன்று அதே சுவருக்குள் நள்ளிரவு வரை பொரிக்கும் உணவகம், கூரையில் புகைபோக்கி விசிறி, பின்னால் எண்ணெய்த் தொட்டி. கட்டடம் மாறாததால் விதியும் வராது. மாறியது அயலவர் இல்லை.

மறைவில் கள்ளர் ஒளிப்பார்கள் என்பதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. ஆளுயரப் புதரை நடச் சொல்லி விதியில் இல்லை. முழங்கால் உயரச் செடியும் கிளை கழித்த மரமும் போதும். இப்போது கள்ளருக்கு மறைவு தருவது பெரிய குப்பைத்தொட்டிகள்தான்.

யாழ்ப்பாணத்தில் கதியாலை இரவோடிரவாக அரையடி நகர்த்தி, பத்து வருடம் கோட்டுக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எல்லை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பூவரசும் கிளுவையும் வேலிக்குக் காலாகவும் ஆட்டுக்குக் குழையாகவும் நின்றன. அதை யாரும் சோடினை என்று சொன்னதில்லை.

விதியில் குறையே இல்லையா? உண்டு, ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்லும் இடத்தில் இல்லை. நடும் நாளில் பச்சையாக நிற்கும் சீடர் வரிசை மேல் முதல் குளிர்காலமே பனி அள்ளும் வண்டி உப்புப் பனியைக் குவித்துவிடும். சீடருக்கு உப்பு ஆகாது. அடுத்த வைகாசியில் மண்ணிறமாகிக் காய்ந்து நிற்கும், பிறகு யாரும் மாற்றி நடுவதில்லை. நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு யாராவது முறையிட்டால்தான் வந்து பார்ப்பார்கள். பனி கொட்ட வேறு இடத்தைத் திட்டத்திலேயே குறிக்கச் சொல்வதும், பட்டுப்போன செடியைக் குறித்த காலத்துக்குள் மாற்ற வைப்பதும்தான் தேவையான திருத்தங்கள்.

வீடு கட்டுவதை விரைவாக்குகிறோம் என்று 2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசு நிறைவேற்றிய 23 ஆம் இலக்கச் சட்டமூலம், வெளித்தோற்றத்தைப் பார்க்கும் அதிகாரத்தை நகரசபைகளிடமிருந்து பெருமளவு பறித்தது. அந்தச் சட்டம்கூட அயல் காணியைப் பாதுகாக்கும் விடயங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. விதிகளை வெட்ட வந்தவர்களே சோடினை என்று ஒதுக்காததை நாங்கள் ஏன் ஒதுக்கவேண்டும்?

அதே சட்டம் அயலவரிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டது. சிறு விலக்கு வழங்கப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மேன்முறையீடு செய்ய முடியாது. ஆகவே விலக்குக் கோரிக்கையைத் தீர்மானிக்கும் நகரசபைக் குழுவின் விசாரணை நாள்தான் பேசக் கிடைக்கும் ஒரே நாள். 60 மீற்றருக்குள் உள்ள வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் கடிதம் வரும். வாடகைக்கு இருப்பவர் காணியில் நட்டிருக்கும் அறிவித்தல் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அவரும் பேசலாம். பின்வேலிப் பட்டையைக் குறைக்கக் கேட்டு உங்கள் தெருவில் பலகை ஏறினால், திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வடியும் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.